சின்னவனுக்கு டெஸ்ட் எடுக்கறது பத்தி

கலா,

எப்படி டி இருக்க? உன் மெயில் வந்தப்ப பரீட்சை நேரம், பசங்களுக்கு இந்த மாதிரி டெஸ்ட் எடுக்கற எங்க சென்டர்ல மூச்சு விட நேரமில்ல, அதான் பதில் லேட்டு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வாக்கர் வச்சு வீட்டுக்குள்ள நடக்கறாங்க, உன்னை விசாரிச்சாங்க.

சரி, சின்னவன் விஷயத்துக்கு வரேன். ஸ்கூல்ல அசெஸ்மென்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னதுல இருந்து தூக்கமே இல்லன்னு எழுதியிருந்த. எனக்கென்னவோ அந்த மிஸ் மேல மரியாதைதான் வந்துச்சு. கதைய கேட்டா வரி விடாம சொல்றான், அதையே படிக்க சொன்னா புள்ளி வச்ச எழுத்தெல்லாம் முழுங்கறான், நாலாவது வந்தும் இப்படின்னா கவனிச்சு சொன்னாங்களே, அதுவே பெருசு. முதல்ல கண்ணையும் காதையும் செக் பண்ணிடு, அதுல குறை இருந்தா மத்த டெஸ்ட் எதுவும் சரியா வராது.

"ஐக்யூ எவ்ளோன்னு சொல்லிட்டா போதும்"னு எழுதியிருக்க பாரு, அதை மட்டும் விட்டுடு டி. 100ன்னா அந்த வயசுக்கு சராசரி, அவ்ளோதான் அந்த நம்பர். 1905ல பாரிஸ்ல பினே, சிமோன்னு ரெண்டு பேர் இந்த டெஸ்ட உண்டாக்கினதே எந்த பிள்ளைக்கு ஸ்கூல்ல தனி உதவி வேணும்னு பாக்கத்தான், நம்மாளுங்க அதையும் ரேங்க் கார்டு ஆக்கிட்டாங்க. எங்ககிட்ட வர்ற ஒரு பொண்ணு, சிவப்பு வெள்ளை கட்டைய அடுக்கி படத்துல இருக்கற மாதிரி டிசைன் பண்ண சொன்னா விரல் பறக்குது, டைம் பாக்கறதுக்குள்ள முடிச்சுட்டு நிமிர்ந்து பாக்கறா. அடுத்து நம்பர் சொல்லி அதை பின்னாலிருந்து திருப்பி சொல்ல சொன்னா மூணு நம்பர்லயே நின்னுட்டா, "மிஸ் இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னு கேக்கறா, ஆனா நாங்க ரெண்டாவது தடவ சொல்லக்கூடாதுன்னு ரூல். மொத்தமா கூட்டி பாத்தா அவ நார்மல். அவ போர்டுல இருக்கறத நோட்டுல இறக்கறதுக்குள்ள ஏன் மறந்துடறான்னு அந்த மொத்த நம்பர பாத்தா தெரியவே தெரியாது, தனித்தனி ஸ்கோர பாத்தாதான் புரியும். அதனால ரிப்போர்ட்ட கைல குடுத்து அனுப்பிட்டா விடாத, உக்காந்து ஒவ்வொண்ணா விளக்க சொல்லு, க்ளாஸ்ல என்ன மாத்தணும்னு எழுதி வாங்கு. அப்புறம் 25வது பெர்சன்டைல்னு போட்டிருந்தா 25 மார்க்குன்னு அழ ஆரம்பிச்சுடாத (நிறைய அம்மா அழுதிருக்காங்க), 100 பசங்கள நிறுத்தினா சுமார் 25 பேர் இவனுக்கு கீழ இருப்பாங்கன்னு அர்த்தம்.

டெஸ்ட் எடுக்கறவங்க ஆர்சிஐல (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பண்ண கிளினிக்கல் சைக்காலஜிஸ்டான்னு கேட்டுக்கோ, இதுக்கெல்லாம் கூச்சப்படாத. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்து கூட்டி படிக்கறதுல வர்ற சிரமம்னு வந்தாலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துலயே அது இருக்கு, அதுக்கான சர்டிஃபிகேட் 8 வயசுலேர்ந்து குடுக்கறாங்க, 14லயும் 18லயும் திரும்ப பாக்கணும். அவன் சிபிஎஸ்இதானே, சர்டிஃபிகேட் இருந்தா போர்டு எக்ஸாம்ல மூணு மணி நேர பேப்பருக்கு ஒரு மணி நேரம் கூடுதலா கிடைக்கும்.

உங்க வீட்டுக்காரர் "எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான், நானும் ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சனை) டெஸ்ட் எடுக்கவா"ன்னு கேட்டாராமே, சிரிச்சேன்னு எழுதியிருக்க, ஏன் டி சிரிக்கற? பையனுக்கு பாக்க வந்து அப்பாக்கள் தங்களுக்கும் கேக்கறது எங்களுக்கு பழக்கம்தான். பெரியவங்களுக்கு ரீல்ஸ் பாத்து முடிவு பண்ணக்கூடாது, அவ்ளோதான். 12 வயசுக்கு முன்னாடியே அறிகுறி இருந்துச்சான்னு துருவி கேப்பாங்க, பழைய ப்ராக்ரஸ் கார்டு இருந்தா எடுத்துட்டு போக சொல்லு, "கவனம் போதாது"ன்னு டீச்சர் எழுதின ஒரு வரி கூட உதவும். தூக்கம் சரியில்லன்னாலும் தைராய்டு, டென்ஷன்னாலும் இதே மாதிரி மறதி வரும், அதையும் பாத்துட்டுதான் சொல்லுவாங்க.

டெஸ்டுக்கு முன்னாடி யூடியூப் பாத்து பையனுக்கு ட்ரெய்னிங் கிய்னிங் குடுத்துடாத, ஸ்கோர் கெட்டு போகும். காய்ச்சல் சளின்னா தேதிய தள்ளிடு. எப்ப நடந்தான், எப்ப முதல் வார்த்தை பேசினான், பிரசவத்துல ஏதாவது சிக்கலான்னு ஒரு பெரிய ஃபார்ம் குடுப்பாங்க, உங்க அத்தைகிட்ட கேட்டு இப்பவே குறிச்சு வை. ரிப்போர்ட் வந்ததும் எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, முதல் பக்கத்த மட்டும் இல்ல.

உன்
சுதா