அவனை இடைவேளைக்கு விடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் இரண்டாம் வகுப்பு ஆசிரியர் அவர்களுக்கும்,

வணக்கம். என் மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு, இருப்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவர் அறிக்கையைச் சேர்க்கையின்போதே கொடுத்துவிட்டேன். நேற்றும் டைரியில் அதே வரி: "எழுதி முடிக்கவில்லை. இடைவேளைக்கு அனுப்பவில்லை." இந்த வாரத்தில் நான்காவது முறை.

ஏன் முடிப்பதில்லை என்று வீட்டில் ஒரு பலகையில் ஐந்து வரி எழுதிப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிமிர்ந்து படிக்கிறான். குனிந்து பென்சிலை வைப்பதற்குள் பாதி வாக்கியம் நழுவிவிடுகிறது. மறுபடி நிமிர்ந்தால் எந்த வரியில் விட்டோம் என்று தெரியாமல் தேடுகிறான். அப்புறம் அதே ஐந்து வரியைத் தாளில் எழுதி, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். முடித்துவிட்டான். பார்த்ததைச் சில நொடி மனதில் பிடித்து வைப்பதே இந்தப் பிள்ளைகள் பலருக்குப் பெரும்பாடு. அதற்கா தண்டனை?

ஓடியாடிவிட்டு வந்தால்தான் அடுத்த பீரியடில் அவனால் கொஞ்சமாவது உட்கார முடியும். அந்த ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு, மதியம் "இடத்தில் இருப்பதே இல்லை" என்று எழுதி அனுப்புகிறீர்கள்.

போன வாரம், "இன்னைக்கு யாரோட விளையாடினே?" என்று கேட்டேன். "நான் எப்படியும் வரமாட்டேன்னு என்னை விட்டுட்டு ஆள் பிரிச்சிட்டாங்கம்மா" என்றான். அழவில்லை. அது வழக்கமாகிவிட்டது போலச் சொன்னான். அவனுக்கு ஏழு வயது.

குழந்தைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு ஏடிஎச்டி இருப்பதாகச் சொல்கிறார்கள். பெரிய வகுப்பென்றால் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். துறுதுறுவென்று இருப்பவன் திட்டு வாங்குகிறான். சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தை யார் கண்ணிலும் படுவதே இல்லை. இவர்களை எப்படிக் கையாள்வது என்று ஆசிரியருக்குச் சொல்லித்தராமல், அத்தனை பிள்ளைகளையும் அவர் ஒருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அது உங்கள் தவறல்ல என்று எனக்குத் தெரியும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். எழுதி முடித்தாலும் முடிக்காவிட்டாலும், மணி அடித்ததும் அவனை வெளியே விடுங்கள். விட்டுப்போனதை மாலையில் வீட்டில் எழுத வைப்பது என் பொறுப்பு. பலகையில் எழுதப்போவதைத் தாளில் எழுதி நானே கொடுத்தனுப்புகிறேன். எந்தப் பாடம் என்று மட்டும் முந்தின நாள் டைரியில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா