குளத்துக்குள் இயந்திரம் இறங்கும் முன்

கமநல அபிவிருத்தித் திணைக்களம், மாகாண நீர்ப்பாசனத் திணைக்களங்கள் ஆகியவற்றின் அலுவலர்களுக்கும், வரண்ட வலயக் கமக்காரர் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

சிறுகுளப் புனரமைப்புக்கான மதிப்பீடுகளில் திரும்பத் திரும்ப மூன்று வேலைகளைத்தான் காண்கிறோம்: குளக்கட்டை உயர்த்துவது, அடியைத் தோண்டுவது, வயலுக்கு நீர் விடும் மதகான துருசுக்குப் புதுக் கதவு போடுவது. குளத்துக்கு மேலே இருக்கும் அலைகரையும் கட்டுக்குக் கீழே இருக்கும் காடும் அந்தத் தாளில் இடம்பெறுவது அரிது. இடம்பெற்றாலும் ‘பற்றை துப்புரவு’ என்ற செலவாகவே வருகின்றன. அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்பதற்கே இம்மடல்.

இலங்கையின் வரண்ட வலயத்துச் சிறுகுளங்களில் பெரும்பாலானவை தனிக்குளங்கள் அல்ல. ஓர் ஓடையின் வழியே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கட்டப்பட்டவை. மேற்குளத்து வயலில் வடிகிற நீர்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. சிங்களத்தில் எல்லங்காவ என்று சொல்லப்படும் இந்த அமைப்பைப் பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார 1985இல் ஆய்வுலகுக்கு விளக்கினார். 2017இல் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய அமைப்பு இதை உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அநுராதபுரத்தில் மல்வத்து ஓயாவாக ஓடுவது மன்னாருக்கு வரும்போது அருவியாறாகிறது. பெயர் மாறினாலும் நீர் ஒன்றுதான். ஆகவே ஒரு குளத்தில் செய்யும் பிழை அந்தக் குளத்தோடு நின்றுவிடாது.

கட்டுக்குக் கீழே, வயல் தொடங்குவதற்கு முன் இருக்கும் ஈர நிலத்தைச் சிங்களக் கிராமங்களில் கட்டக்கடுவ என்கிறார்கள். அதன் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு நீர்க்குழி இருக்கும். கட்டின் அடியில் தாழையும், ஈரத்தில் மருதும், சற்று மேட்டில் இலுப்பையும் நிற்கும். கட்டின் ஊடாகக் கசியும் நீர் உப்பையும் இரும்பையும் கொண்டு வருகிறது. குழி அதைத் தேக்கி வைக்க, மரங்களும் புல்லும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய உவர்நீரைப் புங்கும் மருதும் நிற்கும் வடிகால் ஓடை, வயலின் தாழ்ந்த பக்கமாக வெளியே கொண்டுபோகிறது.

இந்தக் காட்டை வெட்டி வயலோடு சேர்த்தால் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ கூடுதலாகக் கிடைக்கும். சில போகங்கள் போனபின் கட்டுக்கு அண்மையிலுள்ள முதல் வரிசை வயல்களைப் போய்ப் பாருங்கள். வரம்போரத்தில் வெள்ளைப் படிவு தெரியும். நெல்லின் இலை நுனி வெளுத்துக் காயும், அல்லது பழைய இலைகளில் பழுப்புப் புள்ளி விழும். தேங்கிய நீரின் மேல் எண்ணெய் போல ஒரு படலம் மினுங்கும். அதை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் என்றால் உடனே மறுபடி கூடிக்கொள்ளும். கண்ணாடித் துண்டுகள் போல உடைந்து பிரிந்தே நின்றால் அது இரும்பு. பசளை மட்டும் போட்டு அது தீராது. போன காட்டைத் திரும்ப வளர்ப்பதும் வடிகாலைத் திறந்துவிடுவதும்தான் மருந்து.

இனி மேற்பக்கம். அலைகரையில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும் மரவரிசை காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கிறது. வரட்சி மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகும். ஏக்கருக்கு அது 20,000 லீற்றர். 50 ஏக்கர் பரப்புள்ள குளம் ஒரு நாளில் பத்து இலட்சம் லீற்றரை வெயிலுக்குக் கொடுக்கிறது. மரவரிசையை ஒட்டிய புல்தரை, வரும் நீரின் மண்ணை வடித்துவிடுகிறது. அதற்கும் மேலே, பாசனத்துக்கில்லாமல் மண்ணைப் பிடிக்கவும் காட்டு விலங்குகள் குடிக்கவும் விடப்பட்ட சிறு குளங்களும் குழிகளும் உண்டு. அலைகரையை உழுது பயிர் வைத்தவுடன் இவை எல்லாம் ஒன்றாகப் போகின்றன. தூர்வாரிய குளம் மீண்டும் விரைவில் தூர்வதற்கு முதற்காரணம் இதுதான்.

தோண்டுவதில் நிகழும் பிழைகள் இன்னும் மோசமானவை. துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய நீர் வயலுக்கு வராது. 10 ஏக்கரில் அப்படி 2 அடி தோண்டினால் 20 ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 24,700 கனமீற்றர் நீர் அடியிலேயே கிடக்கும். மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் அது உதவும் என்பது உண்மை. ஆனால் வயலுக்கென்று கணக்குக் காட்டி அதைச் செய்யக்கூடாது.

ஆகவே முதலில் மட்டம் எடுங்கள். பிறகு 50 மீற்றருக்கு ஒன்றாகச் சோதனைக் குழி வெட்டுங்கள். மேலே கருமையான வண்டல், அதன் கீழே இறுகிய பழைய களி. நிறமும் இறுக்கமும் மாறுகிற இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அந்தக் களியே குளத்தின் அடைப்பு. அதைக் குத்திவிட்டால் கீழே இருக்கும் சரளையும் உக்கிய பாறையும் நீரைக் குடித்துவிடும். கட்டின் உட்புற அடியிலிருந்து 30 மீற்றருக்குள் இயந்திரம் வரவே வேண்டாம். வண்டல் அதிகம் படிந்திருப்பது நீர் வந்து சேரும் மேற்பகுதியில். அங்கே எடுத்தால் குளம் ஆழமாகும், அதே அளவு நீர் குறைந்த பரப்பில் நிற்கும், ஆவியாதலும் குறையும். எடுத்த மண்ணை அலைகரையில் குவித்தால் முதல் மழையிலேயே உள்ளே வந்துவிடும். அதை மேட்டு நிலத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

வானை, அதாவது மிகைநீர் வழியும் இடத்தை, உயர்த்தக் கேட்பது கமக்காரர்களாகிய நீங்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறடிக்கு ஓரடி சரிவுள்ள நிலத்தில் வானை ஓரடி உயர்த்தினால் நீர் மேலே நூறடி பரவும். அலைகரை மரங்கள் மாதக்கணக்கில் நீருக்குள் நின்று சாகும். மேற்குளத்தின் வயல்களில் நீர் ஏறும். கூடுதலாகக் கிடைப்பதோ ஆழமில்லாத நீர், அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

கட்டு வேலையை ஓகஸ்ட், செப்டெம்பரில் செய்கிறீர்கள். அப்போது மண் காய்ந்து தூளாக இருக்கும். காய்ந்த மண்ணைக் குவித்து இயந்திரச் சங்கிலியால் மிதித்தால் அது இறுகாது. பழைய கட்டின் புல்லையும் மேல்மண்ணையும் சீவி, சரிவைப் படிப்படியாக வெட்டி, ஆறு அங்குலப் படைகளாகப் போட்டு, நீர் தெளித்து உருளையால் இறுக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. கட்டின் மேல் முளைக்கும் மரத்தைக் கன்றிலேயே பிடுங்குங்கள். பெருமரமானபின் வெட்டினால் வேர் உக்கி, அந்த வழியே நீர் துளைக்கும்.

பழைய துருசுகளில் பலகைக் கற்களால் கட்டிய கிணறு போன்ற அமைப்புத் தென்பட்டால் வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அது பிசோகொட்டுவ. இன்றைய வால்வுக் கிணற்றின் வேலையைச் செய்தது.

வன்னிக் குளக்கட்டுகளில் ஐயனாரையும் பிள்ளையாரையும் காண்கிறோம். அநுராதபுரக் கிராமங்களில் குளத்தின் காவல் தெய்வமான ஐயநாயக்க தெய்யோவுக்கு முட்டி மங்கல்ய என்னும் சடங்கு எடுக்கிறார்கள். அவரும் நம் ஐயனார்தான். வேப்பங்குளம், பூவரசங்குளம், புளியங்குளம், இலுப்பைக்குளம் என்று ஊர்ப்பெயரே மரத்தைச் சொல்கிறது. பெயரிலுள்ள மரம் குளத்தருகே இன்னும் நிற்கிறதா என்று உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நாங்கள் கேட்பவை இவை. மதிப்பீட்டை ஒரு குளத்துக்கென்று தயாரிக்காமல், மேற்குளத்தையும் கீழ்க்குளத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்துத் தயாரியுங்கள். அந்தக் குளங்களின் கமக்காரர் அமைப்புகளையும் கூட்டத்துக்கு அழையுங்கள். சிங்களக் கிராமமும் தமிழ்க் கிராமமும் ஒரே ஓடையில் இருந்தால் இரு மொழியிலும் அறிவித்தல் போகட்டும். அலைகரைக்கும் கட்டின் கீழ்க் காட்டுக்கும் இயந்திரம் வரும் முன்பே எல்லைக்கல் நடுங்கள். இழந்த இடத்தில் மருதும் இலுப்பையும் தாழையும் நடுவதற்கு ஒரு செலவுத்தலைப்புத் திறந்து, இரண்டு கோடைக்கு நீர் ஊற்றும் கூலியையும் அதில் சேருங்கள். மாரிப் பயிர்க்காலமான காலபோகத்தின் மழைக்கு முன் நட்டுவிட வேண்டும் என்பதால், கன்றுகளுக்கான ஏற்பாடு அதற்கு முந்திய சிறுபோகத்திலேயே தொடங்கட்டும்.

இப்படிக்கு,
வரண்ட வலயச் சிறுகுளங்களோடு பணியாற்றுவோர்