பூட்டுக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், இறுகிப்போன பூட்டுக்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் சாவி எளிதாகத் திரும்பும் என்று ஒரு வாசகி எழுதியிருந்ததைப் படித்தேன். எண்ணெய் விட்ட அன்றைக்குச் சாவி திரும்பும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பூட்டு சில மாதங்களில் முன்னிலும் மோசமாக இறுகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் குறிப்பால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் நெடுங்காலம் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நம் திருநெல்வேலிச் சீமையில் இது சிறிய விஷயமன்று. சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் ஆண்டில் பெரும் பகுதி பூட்டியே கிடக்கின்றன. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, திறக்காத பூட்டோடு போராடி, கடைசியில் நாதாங்கியை அறுக்க ஆள் தேடும் நிலை பல ஊர்களில் உண்டு. வயற்காட்டு மோட்டார் அறைப் பூட்டும், தரையை ஒட்டித் தொங்கும் கடை ஷட்டர் பூட்டும் ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் புழுதியிலுமே கிடக்கின்றன.

இன்று கடைகளில் மிகுதியாக விற்கும் பித்தளைப் பூட்டுகளுக்குள் சிறு சிறு முளைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் முடியைப் போன்று மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டு துண்டுகளாக அமைந்த அந்த முளைகளைச் சாவியின் பற்கள் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்க, அவற்றின் பிளவுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும்போதுதான் உள் உருளை சுழலும். ஒரே ஒரு முளை பிசுக்கில் ஒட்டிக்கொண்டு ஏறவோ இறங்கவோ மறுத்தாலும் சாவி திரும்பாது. அந்த நிலையில் பலத்தைக் காட்டினால் சாவி முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால் மார்கழி விடியலில் வெளிவாசல் பூட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்பதை வீட்டு எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தே அறியலாம். நாட்பட்டுக் காறிய எண்ணெயில் பெருகும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். நல்லெண்ணெய் இதைவிடவும் தீங்கானது; அது காற்றுப் பட்டுப் பட்டுத் தடித்து, ஒட்டும் பிசினாகவே மாறிவிடுகிறது. வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைப் பூட்டுக்கு விடும் வழக்கம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. அதில் கரியும் உலோகத் துகளும் அமிலமும் கலந்திருப்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். கிரீஸ் தடித்தது, மெல்லிய ஸ்பிரிங்குகளால் அதை எதிர்த்து முளைகளைத் தள்ள முடியாது. இவை எல்லாவற்றிலும் பொதுவான கேடு புழுதியைப் பிடித்து வைப்பதுதான். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தில் எழுப்பும் புழுதியையும், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துத் தேரி மணலையும் அறிந்தவர்களுக்கு, எண்ணெய் வழியும் சாவித் துளைக்குள் என்ன சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடற்கரையை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில், சாவித் துளைக்கு ஏற்றது கிராஃபைட் தூள். கரியின் ஒரு வடிவமான அது, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டின் மேல் மற்றொன்று வழுக்குவது போல, அடுக்கடுக்காக நகர்ந்து கொடுக்கும். ஈரப்பசை இல்லாததால் தூசியை இழுக்காது. ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உள்ளே ஊதிவிட்டு, சாவியைத் திருப்பாமல் பலமுறை நுழைத்து எடுத்து, ஒட்டியதைத் துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகே திருப்பிப் பார்க்க வேண்டும். அளவு மீறினால் தூளே அடைத்துக்கொள்ளும். தூள் கிடைக்காத இடத்தில் 6பி போன்ற மென்மையான பென்சிலைச் சாவியின் பற்களில் அழுத்தித் தேய்த்து நுழைக்கலாம். சாதாரணப் பென்சிலில் களிமண் கூடுதலாகக் கலந்திருப்பதால் அதை அவசரத்துக்கு மட்டுமே கொள்ள வேண்டும். முன்பே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட்டைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்து கருஞ்சாந்தாக இறுகிவிடும். அத்தகைய பூட்டைத் துளை கீழே இருக்கும்படி பிடித்து, மண்ணெண்ணெயால் கழுவி வடித்து, நன்றாக உலர்த்திய பின்பே தூள் இட வேண்டும். நெருப்புக்கு அருகில் இந்த வேலை ஆகாது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகள் பெரும்பாலும் லீவர் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் தட்டையான தகடுகளுக்கு இடையே எண்ணெய் புகுந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே தகடுகளுக்கு உலர்ந்த தூளே பொருந்தும். நாதாங்கியில் மாட்டும் வளைந்த கம்பி உள்ளே போய் வரும் இடத்துக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அது மெல்லிய கனிம எண்ணெய் என்பதால் பிசினாகாது.

கடற்கரை ஊர்களுக்கு நான் வேறு யோசனை சொல்வேன். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். உவரியிலும் இடிந்தகரையிலும் வீசும் உப்புக்காற்றின் ஈரம் அதனோடு சேரும்போது, அதை ஒட்டிய உலோகம் விரைவாக அரிக்கும். அங்கே, ஒட்டாத வாணலியில் பூசும் டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே மேலானது. அது கிடைக்காதபோது தையல் மிஷின் எண்ணெயையே மிகச் சிறிதளவு விட்டு, அடிக்கடி துடைத்து மீண்டும் விடலாம்.

டபிள்யூடி-40 ஸ்பிரேயைப் பலரும் மசகு எண்ணெயாகவே எண்ணி வாங்குகிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் உருவான அது, அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு ஈரத்தால் துருப்பிடிக்காமல் காக்கத் தொடக்கத்தில் பயன்பட்டது. ஈரத்தை விலக்கவும் துருவை இளக்கவும் அது மிக நல்லது. ஆனால் அதன் பெரும் பகுதி ஆவியாகி, மெல்லிய படலம் மட்டுமே எஞ்சுவதால், பூட்டை நெடுநாள் காக்கும் என்று அதை மட்டும் நம்பக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் சேற்றில் மூழ்கிய பூட்டுகள் போன்றவற்றுக்கு அதுவே தக்க முதலுதவி: முதலில் நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, பின்பு அந்த ஸ்பிரேயை அடித்து ஈரத்தை வெளியேற்றி, துடைத்து உலர்த்தி, அதற்குப் பிறகே மசகிட வேண்டும்.

மழைக்குப் பயந்து பூட்டைப் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டுவது ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதாகும். பழைய சைக்கிள் டியூப் துண்டை மேலிருந்து தொங்கவிட்டு, கீழ்ப்பக்கத்தைத் திறந்து வைப்பதே சரியான முறை.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறையும், ஆடிக்காற்று ஓய்ந்தபின் ஒரு முறையும் பூட்டைத் துடைத்து மசகிட்டால் போதும் என்பது என் கருத்து. தங்கள் இதழ் அடுத்த வெளியீட்டிலேயே அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டும் என்றும், நம் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர்கள் பூட்டு விற்கும்போதே கிராஃபைட் தூளையும் சிறு குப்பிகளில் வாங்கி வைத்து விற்க முன்வர வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
பாளையங்கோட்டை.