நிறைவுச் சான்றுக்கு முன் வடிகாலையும் தொட்டியையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டட விதிகள் என்றதும் பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளியும் மாடிகளின் எண்ணிக்கையும்தான் பேச்சாகின்றன. நிறைவுச் சான்று தர வரும் ஆய்வாளரும் அளவு நாடாவை நீட்டி அவற்றைத்தான் பார்க்கிறார். குடியிருப்போரின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் பாகங்கள் அதற்குள் தரைக்கடியிலும் சுவருக்குள்ளும் மறைந்துவிடுகின்றன. சுகாதார விதிகள் ஏட்டில் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. சோதிக்கும் நேரம்தான் பிந்திவிடுகிறது. குழாயையும் தொட்டியையும் மூடுவதற்கு முன் ஒரு சோதனை, குடியேறுவதற்கு முன் ஒரு சோதனை என இரண்டையும் உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும். எதை, எப்படிச் சோதிப்பது என்பதை வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் டிராப். கைகழுவும் தொட்டிக்குக் கீழே வளைந்து நிற்கும் குழாய், குளியலறைத் தரையிலுள்ள நஹானி டிராப், கழிப்பறைப் பீங்கானின் உள்வளைவு, வீட்டுக்கு வெளியே கல்லி டிராப் ஆகிய எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றே. வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், கழிவுக்குழாயின் காற்றும் பூச்சிகளும் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. இந்த நீர் அடைப்பின் ஆழம் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மாடித் தரையில் போதிய ஆழம் விடாமல் கான்கிரீட் போட்டுவிட்டு, பிறகு இடம் போதவில்லை என்று அதில் பாதி ஆழம்கூட இல்லாத தட்டை டிராப்பைப் பொருத்திவிடுகிறார்கள். மேலே சல்லடை மூடி போட்டபின் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

சரியான டிராப் வைத்தாலும் அதில் நீர் நிற்க வேண்டுமே! விருந்தினர் அறை, வேலையாட்களுக்கான குளியலறை, பால்கனி வடிகால் போன்றவற்றில் நீர் ஊற்றாமல் விட்டால் வெப்பத்தைப் பொறுத்துச் சில வாரங்களில் அடைப்பு வற்றிவிடும். தலைமுடியோ துணி நூலோ வளைவின் மறுபக்கம் தொங்கினால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே கடத்திவிடும். கைகழுவும் தொட்டியின் 32 மி.மீ. குழாயைச் செங்குத்துக் குழாயோடு சேர்க்கும்போது, கழிவுக்குழாய்க்குள் வெளிக்காற்றை விடும் காற்றுக்குழாய் இல்லாமல் 1.7 மீட்டருக்கு மேல் நீட்டினால், தொட்டி நீர் குழாய் நிறைய ஓடி முடிக்கும்போது டிராப்பின் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கடைசியில் 'களக்' என்று கேட்கும் சத்தம் அதன் அறிகுறி. உயரமான கட்டடத்தில் இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: மேலிருந்து விழும் நீர் அடிவளைவில் மோதும்போது காற்று அழுந்தி, கீழ்மாடி டிராப்பின் நீரைக் குமிழியாக மேலே தள்ளும். ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் தரைத்தளக் கழிப்பறையைத் தனிக் குழாயில் நேராக ஆய்வுத் தொட்டிக்கு (மூடியைத் திறந்து கழிவுக்குழாயைப் பார்க்க வெளியே கட்டும் சிறு தொட்டி) கொண்டுபோக வேண்டும் என்பதன் காரணம் இதுதான். செங்குத்துக் குழாயின் அடியிலும் 90 பாகை முழங்கையைப் போடாமல் இரண்டு 45 பாகை வளைவுகளைப் போட வேண்டும்.

வற்றிய டிராப் துர்நாற்றத்தோடு நிற்பதில்லை. 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் சார்ஸ் நோய்க்கு ஆளானார்கள். வயிற்றுப்போக்கோடு வந்து தங்கிய நோயாளி ஒருவரின் கழிவு செங்குத்துக் குழாயில் இறங்கியது. பல வீடுகளின் குளியலறைத் தரை டிராப்புகள் வற்றிக் கிடந்தன. கதவைச் சாத்தி மின்விசிறியை ஓடவிட்டபோது, வெளியேறும் காற்றுக்கு ஈடாகக் கழிவுக்குழாயின் காற்றுத் துளிகளை விசிறி உள்ளே இழுத்தது என்று அங்கு ஆய்வு செய்தவர்கள் விளக்கினார்கள். குளியலறையில் காற்று வெளியேற்றும் விசிறியைக் கட்டாயமாக்கும் விதி, கதவின் அடியில் 15 முதல் 20 மி.மீ. இடைவெளியையோ கதவில் காற்றுப் பட்டைகளையோ சேர்த்தே கேட்க வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் விசிறி வைத்தால் அது டிராப்பைத்தான் இழுக்கும்.

இதற்குத் தீர்வு கடினமானதில்லை. கைகழுவும் தொட்டியின் கழிவைத் தரை டிராப்பின் பக்கவாய் வழியே, சல்லடைக்குக் கீழேயும் நீர்மட்டத்துக்கு மேலேயும் இணைத்தால் அன்றாடம் கை கழுவும் நீரே டிராப்பை நிரப்பி வைக்கும். புழங்காத குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் நீர் ஊற்றினால் போதும். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் போவோர், நீரின் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயை மிதக்கவிட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும்.

ஆய்வாளர் சோதிப்பதும் எளிது. டிராப்புகளில் நீர் நிரப்பி, குழாய்த் தொகுதியின் திறந்த முனைகளை அடைத்து, யு வடிவக் கண்ணாடிக் குழாயில் 38 மி.மீ. நீர் உயர்வு காட்டும் அளவுக்குக் காற்றை ஏற்ற வேண்டும். மூன்று நிமிடம் அது இறங்காமல் நின்றால் இணைப்புகள் சரி. இறங்கினால் சோப்பு நீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அடுத்து, மேல்மாடிக் கழிப்பறையையும் கைகழுவும் தொட்டியையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கீழ்மாடி டிராப்புகளில் குச்சியை நனைத்து அளக்க வேண்டும். குறைந்தது 25 மி.மீ. நீர் அடைப்பு எஞ்சியிருக்க வேண்டும். சுவர்ப் பூச்சுக்கு முன் இதைச் செய்தால் ஒரு மணி நேர வேலை. பூச்சுக்குப் பின் கசிவைத் தேடுவது ஓடுகளை உடைக்கும் வேலையாகிவிடும்.

காற்றுக்குழாய் பற்றி ஒரு சொல். கூரைக்கு மேல் உயர்ந்து, பக்கத்துச் சன்னல்களுக்கு விலகி நிற்க வேண்டிய அது, அழகைக் கெடுக்கிறது என்று பல வீடுகளில் பாதியில் வெட்டப்படுகிறது. கழிவுத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் கம்பி வலை இல்லையென்றால் கியூலெக்ஸ் கொசுவுக்கு அதுவே வாசல். தெருச் சாக்கடையில் மருந்து அடித்தும் கொசு குறையாத வீதிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வலையின் கண் 1.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. துருப்பிடிக்காத கம்பியாக இருந்தால் நல்லது.

பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் செப்டிக் டேங்க் என்ற பெயரில் கட்டப்படுபவற்றில் பல அந்தப் பெயருக்கு உரியவை அல்ல. அடித்தளம் போடாமல் உறை இறக்கிய குழியை அப்படி அழைத்தால், மலக்கழிவு நேரே நிலத்தடி நீருக்குப் போகிறது என்றே பொருள். உண்மையான தொட்டிக்கு அடியும் பக்கங்களும் நீர் கசியாதவை. நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. நீர் ஆழம் குறைந்தது ஒரு மீட்டர். அதற்கு மேல் 30 செ.மீ. காற்றுவெளி. இரு அறைகளில் முதலாவது மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். இடைச்சுவரின் துளை நீரின் நடு ஆழத்தில் அமைய வேண்டும், ஏனென்றால் மேலே நுரைக்கழிவு மிதக்கிறது, அடியில் சேறு படிகிறது, நடுவில்தான் தெளிவு. உள்வரும் வாயிலும் வெளிவாயிலும் டி வடிவக் குழாய் வைத்து, அதன் கீழ்க்கிளை நீருக்குள் மூழ்கியிருக்கும்படி செய்ய வேண்டும்.

கொத்தனார்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது வெளிவாயின் அந்த டி குழாயைத்தான். அது இல்லாவிட்டால் மிதக்கும் கொழுப்பும் நுரையும் தொட்டியிலிருந்து வெளிவரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கு நேராகப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். குழி நிரம்பி முற்றத்தில் வழியும். வீட்டுக்காரர் வேறு வழியின்றி ஒரு குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிடுவார். பிறகு தெரு நாறுகிறது என்று ஊரே புகார் சொல்கிறது. மழைநீர் வடிகாலில் மலநீர் கலப்பதற்கு அபராதம் விதிக்கும் விதியைவிட, சில நூறு மி.மீ. நீளமுள்ள ஒரு டி குழாய் இருக்கிறதா என்று மூடி போடும் முன் பார்க்கும் விதிக்குப் பலன் அதிகம்.

தொட்டி கசிகிறதா என்று அறிய, வெளிவாய் மட்டம்வரை நீர் நிரப்பி 24 மணி நேரம் விட வேண்டும். புதுச் சுவர் குடிக்கும் நீர் அதற்குள் குடித்துவிடும். மீண்டும் மட்டத்துக்கு நிரப்பிக் கோடு போட்டு, இன்னொரு 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நீர் குறைந்திருந்தால் விரிசல் இருக்கிறது. உறிஞ்சுகுழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதற்குப் பல நெறிமுறைகள் 15 முதல் 30 மீட்டர் சொல்கின்றன. வெடிப்புப் பாறை நிலத்தில் அதுவும் போதாது, ஏனென்றால் பாறை வெடிப்பில் நீர் வடிகட்டப்படாமலே ஓடும். குழியின் அடிப்பகுதிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது ஒன்றரை மீட்டர் உலர்ந்த மண் இருக்க வேண்டும்.

தொட்டியின் மூடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரு அறைகளுக்கும் தனித்தனி மூடி வேண்டும். அவற்றின்மேல் ஓடு பதித்தோ வண்டி நிறுத்துமிடத் தளம் போட்டோ மறைக்கக் கூடாது. சேறும் நுரையும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது, அதாவது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, உறிஞ்சு லாரியின் குழல் இறங்க வழி வேண்டும். வழியில்லாத வீடுகளில்தான் ஆளை இறக்குகிறார்கள், மனிதர்கள் சாகிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஓரளவு கூடியவுடன் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். மீத்தேன் இருந்தால் தீக்குச்சி உரசிப் பார்ப்பதும் உயிரைப் பறிக்கும். எந்தக் காரணத்துக்காகவும் எவரும் அதற்குள் இறங்கக் கூடாது.

குடிநீர்த் தொட்டிகளில் பார்க்க வேண்டியவை குறைவு, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. நிரப்பும் குழாயின் வாய்க்கும் தொட்டி வழியும் மட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ., காற்று இடைவெளி இருக்க வேண்டும். குழாய் முனை நீரில் மூழ்கியிருந்தால், தெருக் குழாயில் அழுத்தம் குறையும்போது தொட்டி நீர் பின்னோக்கி இழுக்கப்படும். 1933-இல் சிகாகோவில் இரு விடுதிகளின் குழாய் அமைப்பில் குடிநீரும் கழிவுநீரும் கலந்ததால் பரவிய அமீபா வயிற்றுக்கடுப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்து ஏறக்குறைய 100 பேரைப் பலிகொண்டது. தரைக்கடிச் சம்பின் வாய் விளிம்பு தளத்தைவிட 15 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், தளத்தோடு சமமாக இருந்தால் வாசல் கழுவிய நீரெல்லாம் உள்ளே போகும். கழிவுக்குழாய் சம்புச் சுவரை ஒட்டியோ அதன் மேலாகவோ போகக் கூடாது. வழிகுழாயின் வாயில் வலை வேண்டும், அது கழிவுக்குழாயோடு நேரடியாக இணையவும் கூடாது.

பிளீச்சிங் பவுடரைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. குளோரின் வலு 33 சதவீதம் உள்ள புதிய தூள் என்றால் 1,000 லிட்டருக்கு 6 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். மூடி திறந்தே கிடக்கும் தூள் வலுவிழந்துகொண்டே போவதால் அதே கரண்டி அளவு பிறகு போதாது. வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, குழாய் நீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்த தொட்டியில் குளோரினைச் சேறே தின்றுவிடும். ஆகவே தொட்டியைக் கழுவிய பிறகே தூளைப் போட வேண்டும்.

இவற்றையெல்லாம் நடைமுறைப்படுத்தப் புதிய துறையோ பெரிய செலவோ தேவையில்லை. குழாய்ப் பள்ளத்தை மூடும் முன்னும், தொட்டிக்கு மூடி போடும் முன்னும், தளம் பூசும் முன்னும் அளவுகோலை வைத்து எடுத்த படங்களைக் கட்டுநர் பதிவு செய்ய வேண்டும். படம் இல்லையென்றால் நிறைவுச் சான்று இல்லை என்று உள்ளாட்சி அறிவிக்கலாம். காற்றுச் சோதனை, நீர்ச் சோதனை இரண்டின் அளவுகளையும் குழாய் வேலை செய்தவரும் ஆய்வாளரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கழிவுத் தொட்டி, ஆய்வுத் தொட்டிகள், சம்பு, அடைப்பு வால்வுகள் எந்தெந்தச் சுவரிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கின்றன என்று காட்டும் ஒரு பக்க வரைபடத்தின் நகல் ஒன்று உள்ளாட்சி அலுவலகத்திலும் மற்றொன்று வீட்டு மின்பலகைக் கதவின் உட்புறத்திலும் இருக்கட்டும். வீடு கைமாறினாலும், லாரி வரும் நாளில் தரையை எங்கே தோண்டுவது என்று யாரும் தேடாமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
கட்டடக் குடிநீர், வடிகால் பணிப் பொறியாளர் ஒருவர்