மெக்கானிக் படிப்பின் முழுக் கணக்கைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து பெற்றோராவது என் பணிமனைக்கு வந்து, "பையனை மெக்கானிக் படிப்பில் சேர்க்கலாமா, போட்ட பணம் திரும்ப வருமா?" என்று கேட்கிறார்கள். நான் வில்லிவாக்கத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் பழுதுபார்க்கும் பணிமனை நடத்துகிறேன். அதற்கு முன் புதுப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பையனாகச் சேர்ந்து எண்ணெய்த் துணி அலசியவன். பிறகு அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் முறையாகப் படித்தவன். இரண்டு வழிகளிலும் நடந்தவன் என்பதால், அந்தப் பெற்றோரிடம் நான் போட்டுக் காட்டும் கணக்கைத் தங்கள் நாளிதழ் வாசகர்களின் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் வாழும் ஒரு குடும்பம், நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் மகனை ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் இரண்டாண்டு மோட்டார் வாகனப் படிப்பில் சேர்த்தது. கட்டணம் 1,40,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு நகையை அடகு வைத்தே அதைக் கட்டினார்கள். மாதம் 2,100 ரூபாய் வட்டி என்றால் இரண்டு ஆண்டுகளில் அது மட்டும் 50,400 ரூபாய். இவ்வளவையும் எல்லாப் பெற்றோரும் கணக்கிட்டுவிடுவார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் பையன் சம்பாதிக்காமல் விட்ட தொகையைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு ஹெல்பர் பையனுக்கு இன்று மாதம் 9,000 ரூபாய் கிடைக்கிறது. இருபத்து நான்கு மாதங்களுக்கு அது 2,16,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 4,06,400 ரூபாய் வருகிறது. பேருந்துச் செலவு, சீருடை, சொந்தமாக வாங்க வேண்டிய ஸ்பேனர் செட், மல்டிமீட்டர் ஆகியவை இதில் சேரவில்லை.

அப்படிப் படித்து முடித்தவருக்கு முதல் வேலையில் என்ன கிடைக்கிறது? நான் பார்த்தவரை, அதே இரண்டு ஆண்டுகள் பணிமனையிலேயே நின்று தொழில் கற்ற பையனைவிட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான் அதிகம். இதைக் கேட்டுப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் படிப்பின் பயன் முதல் சம்பளத்தில் தெரிவதில்லை. மின்சுற்று வரைபடத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரின் ஊதியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். வாகனம் மாறும்போது கூடவே கற்றுக்கொள்ள வழியில்லாத ஹெல்பரின் ஊதியம் ஓரிடத்தில் நின்றுவிடும். இருவருக்கும் உள்ள மாத வித்தியாசம் முதலாண்டில் 1,000 ரூபாயாக இருந்து, ஒவ்வோர் ஆண்டும் 2,000 ரூபாய் கூடுவதாக வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகளில் 3,00,000 ரூபாயும் ஆறாவது ஆண்டு முடிவில் 4,32,000 ரூபாயும் கிடைக்கிறது. அதாவது பதினாறு வயதில் சேர்ந்தவர், போட்டதைத் திரும்பப் பெறும்போது அவருக்கு இருபத்து நான்கு வயதாகிவிடுகிறது. அதுவும் இடையில் வேலை போகாமல், உடல்நலம் கெடாமல் இருந்தால்தான்.

இதே கணக்கை அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். கிண்டி, அம்பத்தூர், வடசென்னை ஆகிய இடங்களில் உள்ள அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உரிய நிபந்தனைகளை நிறைவு செய்த மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இந்த 1,000 ரூபாயும் அந்த 750 ரூபாயும் சேர்ந்தால் இரண்டாண்டுகளில் 42,000 ரூபாய். இழந்த ஊதியத்தில் இதைக் கழித்தால் குடும்பத்தின் உண்மைச் செலவு 1,74,000 ரூபாய்தான். நான் மேலே சொன்ன வித்தியாசப்படி அது நான்காவது ஆண்டுக்குள் திரும்பிவிடும். எங்கள் தெருப் பையனின் பெற்றோர் கிண்டிக்குப் போய்க் கேட்கவே இல்லை. "அரசு நிலையத்தில் என்ன சொல்லித் தரப்போகிறார்கள்?" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருப்பேன்.

கற்பிக்கும் கருவிகள் பழையவை என்ற குறை அரசு நிலையங்களைப் பற்றி முன்பு இருந்தது உண்மைதான். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு நிலையங்களைத் தரம் உயர்த்தும் பணியை மாநில அரசு மேற்கொண்டது வரவேற்கத்தக்கது. மாறாக, மேலே சொன்ன தனியார் நிறுவனத்தில் அந்தப் பையன் இரண்டு ஆண்டுகளும், பழைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டியே பழகினான். 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்துவிட்டது; இன்று விற்பனையாகும் புதிய ஸ்கூட்டர்கூட எரிபொருளை மின்னணு முறையில் செலுத்துகிறது. எந்த சென்சாரில் கோளாறு என்று, வண்டியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி காட்டும் குறியீட்டைப் பார்த்து, அந்த சென்சாருக்கு வரும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்து உறுதி செய்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும். என்னிடம் வேலைக்கு வந்த முதல் நாளில், ஸ்கேனரின் கேபிளை வண்டியில் எங்கே சொருக வேண்டும் என்று அவன் என்னைக் கேட்டான். அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கெட்டிக்காரப் பையன், ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டான். ஆனால் 1,40,000 ரூபாய் கொடுத்துக் கற்றிருக்க வேண்டியதை, என்னிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்க வேண்டியிருந்தது.

என்னிடம் வருவதற்கு முன் அவனுக்கு "வேலை உத்தரவாதம்" என்ற பெயரில் அந்த நிறுவனம் ஏற்பாடு செய்த வேலை, ஒரு தொழிற்சாலையின் அசெம்ப்ளி வரிசையில் ஒரே இடத்தில் நின்று போல்ட் முடுக்குவது. அதுவும் ஒப்பந்தத் தொழிலாளியாக. பதினொரு மாதத்தில் முடிந்துவிட்டது. தொழிற்சாலை வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆயினும் 2022இல் மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையின் உற்பத்தி நின்றபோது எத்தனை குடும்பங்கள் கலங்கின என்பதைச் சென்னை பார்த்தது. பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஓர் ஆலை மூடினால் வேறு வாசலுக்குப் போகலாம். ஒரு போல்ட்டை முடுக்க மட்டும் தெரிந்தவருக்கு அந்த வசதி இல்லை.

தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியைப் பற்றியும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் இந்தப் பயிற்சிக்கு, 2019இல் திருத்தப்பட்ட விதிகள் கல்வித் தகுதிக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச மாத உதவித்தொகையை வகுத்தன. ஹெல்பர் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கிறதே என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். உண்மையான வண்டிகளில், அனுபவசாலிகளின் மேற்பார்வையில் கிடைக்கும் அந்த ஓராண்டும், முடிவில் பெறும் தேசியச் சான்றிதழும் பின்னாளில் அந்த இழப்பை ஈடு செய்யும் என்பது என் அனுபவம். அதேபோல், இரண்டாண்டுப் படிப்பை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

படிக்கவே வசதியில்லாமல் பணிமனைகளில் வேலை செய்யும் பையன்களையும் இங்கே மறந்துவிடக் கூடாது. உரிய வயதும் பணி அனுபவமும் உள்ளவர்கள் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. என்னிடம் வேலை பார்க்கும் இருவரை அதற்குத் தயார் செய்து வருகிறேன். கைவேலையில் அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை; எழுத்துத் தேர்வுக்கான பாடம்தான் சிரமமாக இருக்கிறது. அரசு நிலையங்களின் வகுப்பறைகள் மாலையில் காலியாகத்தான் இருக்கும். வாரம் இரண்டு மாலை அங்கே இவர்களுக்கு வகுப்பு நடத்தினால், அரசுக்குப் பெரிய செலவு ஏற்படாது.

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். மோட்டார் வாகனப் பிரிவு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், அது அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், முடித்து ஓராண்டு கழித்து எத்தனை பேர் இதே தொழிலில் இருக்கிறார்கள், அவர்கள் என்ன ஊதியம் பெறுகிறார்கள், பயிற்சிக்கூடத்தில் எத்தனை ஸ்கேனர்களும் ஓடும் நிலையில் உள்ள எத்தனை பி.எஸ்.6 எஞ்சின்களும் இருக்கின்றன என்ற விவரங்களை, சேர்க்கைக் கட்டணம் வாங்கும் முன்பே, தமிழில், வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டும். அடுத்த சேர்க்கை தொடங்குவதற்கு முன் இதைச் செய்தால், நகையை அடகு வைக்கப் புறப்படும் ஒரு தாயாவது அந்தப் பலகையைப் படித்துவிட்டு முடிவெடுப்பார்.

இப்படிக்கு,
கார் பணிமனை நடத்தும் ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை.