ஐப்பசிக்கு முன் குட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கெடிலம் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில், ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுக் குட்டை இப்போதே விளிம்பு தொட நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவே இல்லை! 2015 வெள்ளத்தைக் கண்ட கடலூர்க்காரர்களுக்கு அடுத்து நடக்கப்போவதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2018-இல் ஃபுளோரன்ஸ் புயல் மழையில் இத்தகைய குட்டைகள் பல நிரம்பி வழிந்தன.

நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வோம். ஆனால் குட்டைக் கழிவு மண்ணில் இறங்கி, குடிக்கும் கிணற்றில் நைட்ரேட் என்னும் உப்பு மிகுந்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்துவிடும். அதை எப்படிப் பொறுப்பது? கோடையிலேயே கழிவுநீரைப் பயிருக்கு அளவோடு பாய்ச்சி மட்டத்தைக் குறைத்திருக்க வேண்டும். குட்டையின் அடியில் கசிவைத் தடுக்கும் களிமண் பூச்சும் இல்லை. ஐப்பசி பிறக்கும் முன் அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

ஒரு வாசகர், கடலூர்.