20 கிராமிலிருந்து 36 கிராம் தண்ணீரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன் வேதியியலுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டிருந்தீர்கள். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எத்தனை கிராம் தண்ணீர் கிடைக்கும் என்பது கேள்வி. எடை குறைவாக இருப்பது ஹைட்ரஜன், அதனால் அதுதான் முதலில் தீரும், ஆகவே 36 கிராம் என்று விடை. உள்ளே போனதே மொத்தம் 20 கிராம்தானே ஐயா! அச்சுக்குப் போகும் முன் ஒருவர்கூடக் கூட்டிப் பார்க்கவில்லையா?

நான் பெரம்பூரில் டியூஷன் எடுப்பவன். தப்பு என்று சொன்னால், "பேப்பர்லயே போட்டிருக்கு சார்" என்று பிள்ளைகள் என்னிடமே வாதாடுகிறார்கள்.

கிராமையும் கிராமையும் ஒப்பிட்டதுதான் கோளாறு. வேதிச் சமன்பாடு மோல் கணக்கில்தான், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கில்தான் பேசும்: 2 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் ஆக்சிஜன், கிடைப்பது 2 மோல் தண்ணீர். ஹைட்ரஜனின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 2 கிராம், அப்போது 4 கிராம் என்பது 2 மோல். ஆக்சிஜனுக்கு 32 என்பதால் 16 கிராம் வெறும் அரை மோல்தான், அது 1 மோல் ஹைட்ரஜனோடு சேர்ந்ததுமே தீர்ந்துவிடும். வருவது 1 மோல் தண்ணீர், அதாவது 18 கிராம். மிச்சம் 2 கிராம் ஹைட்ரஜன் சும்மா கிடக்கும். கூட்டினால் 20, சரியா? எடையில் நாலு மடங்கு இருந்தும் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள், ஆக்சிஜன்தான்.

இதில் ஒரு பையன் என்னை மடக்கப் பார்த்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும், எரிந்தால் 2 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறதே, அது மட்டும் எப்படி என்றான். நல்ல கேள்வி. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது. பெட்ரோலை ஆக்டேன் என்றே வைத்துக்கொள்வோம்: 114 கிராம் முழுதாக எரிய 400 கிராம் ஆக்சிஜன் வேண்டும், வெளியே வருவது 352 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 162 கிராம் தண்ணீரும். இரண்டு பக்கமும் 514. உங்கள் கணக்கிலோ ஆக்சிஜனை 16 கிராம் என்று கேள்வியிலேயே அடைத்துவிட்டீர்கள், அப்புறம் கூடுதலாக எங்கிருந்து வரும்?

திருத்தம் போடுவதாக இருந்தால் அதே மாணவர் பக்கத்தில், முழு வழிமுறையோடு போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் இரண்டு வரி போட்டால் எந்தப் பிள்ளையும் பார்க்காது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
பெரம்பூர், சென்னை.